லோவர் பியர்ஸில் ஓராண்டு: காட்டுயிர்க் குறிப்பேடு எழுத முழுமையான வழிகாட்டி

நான் சிங்கப்பூரின் லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தைத் தேர்ந்தெடுத்ததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. ஆங் மோ கியோவில் என் அடுக்குமாடி புளோக்கிலிருந்து நடந்தே போய்விடலாம், அவ்வளவுதான். ஓராண்டு முழுக்க ஓரிடத்தின் உயிரினங்களைக் குறித்துவைக்க நினைப்பவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் இதுதான்: எழுந்து முக்கால் மணி நேரத்துக்குள் அங்கே போய் நிற்க முடியுமா? முடியாதென்றால் மூன்றாவது மாதமே குறிப்பேடு அலமாரிக்குள் போய்விடும். தீவின் வடமேற்கில் இருக்கும் சுங்கை பூலோ சதுப்புநிலம் பறவைக்காரர்களுக்குச் சொர்க்கம்தான். ஆனால் கிழக்கே பிடோக்கில் இருப்பவர் வாரம் தவறாமல் அங்கே போவார் என்று நான் நம்பமாட்டேன்.

இது அரிய விலங்குகளைத் தேடிப்பிடிக்கும் வழிகாட்டி அல்ல. எறும்புண்ணியைப் பார்த்தே தீருவேன் என்று கிளம்புகிறவர்கள் சீக்கிரம் சலித்துப்போவார்கள். ஒரே பாதை, ஒரே நேரம். பார்த்ததை எழுத வேண்டும், அன்று பார்க்காததையும் எழுத வேண்டும். காலை நடைக்கு வரும் பெரியவர் ஒருவர் என்னை நிறுத்தி, "என்னம்மா, போன வாரமும் இதே மரத்தடியிலதானே நின்னீங்க?" என்று கேட்டார். "ஆமா அங்கிள், அடுத்த வாரமும் இங்கதான்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். வேலையே அதுதான்.

பாதையும் நிறுத்தங்களும்

மத்திய நீர்ப்பிடிப்பு இயற்கை வனப்பகுதி சிங்கப்பூரின் மிகப் பெரிய இயற்கை வனப்பகுதி. 2,000 ஹெக்டேருக்கும் மேல். மெக்ரிட்சி, லோவர் பியர்ஸ், அப்பர் பியர்ஸ், அப்பர் சிலேத்தார் ஆகிய நான்கு நீர்த்தேக்கங்கள் அதற்குள் இருக்கின்றன. இவற்றில் மெக்ரிட்சிதான் பழையது, பெயர் பெற்றதும் அதுதான். அங்குள்ள 250 மீட்டர் தொங்குபாலத்தில் நின்றால் மரங்களின் உச்சி கண் மட்டத்துக்கு வந்துவிடும். ஆனால் போய்வர 7 கிலோமீட்டர் நடக்க வேண்டும், வார இறுதியில் கூட்டமும் இருக்கும். எப்போதாவது போய்வர நல்ல இடம், வாராந்தரக் கணக்கெடுப்புக்குச் சரிப்படாது.

லோவர் பியர்ஸ் 1910-இல் கல்லாங் ஆற்றை மறித்துக் கட்டப்பட்டது. 1922-இல் பொறியாளர் ராபர்ட் பியர்ஸின் பெயரை வைத்தார்கள். எழுபதுகளில் மேலே இன்னோர் அணை வந்த பிறகுதான் லோவர், அப்பர் என்ற பிரிவு. கரையோரமாகக் காட்டுக்குள் ஏறக்குறைய 900 மீட்டருக்கு மரப்பலகைப் பாதை போகிறது. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பழைய ரப்பர் மரங்களும் வளர்ந்துவரும் காடும். நமக்கு இது போதும். நீளமான பாதையை வேகமாகக் கடப்பதைவிடக் குட்டையான பாதையில் மெதுவாக நடந்தால் அதிகம் கிடைக்கும்.

பாதையில் ஆறு இடங்களை நிறுத்தங்களாகக் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நன்றாகத் தெரிகிற இரண்டு, அடர்ந்த காட்டில் இரண்டு, திறந்த புல்வெளி ஒன்று, வாகன நிறுத்துமிடம் ஒன்று. வாகன நிறுத்துமிடமா என்று கேட்பீர்கள். மைனாவும் காக்கையும் குரங்கும் காட்டைவிட அங்கேதான் அதிகம், அவையும் கணக்கில் வரவேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஐந்து நிமிடம் அசையாமல் நில்லுங்கள். முதல் இரண்டு நிமிடம் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். மூன்றாவது நிமிடத்தில் காடு உங்களை மறக்க ஆரம்பிக்கும்.

நேரம்? இயற்கை வனப்பகுதி காலை 7 மணி முதல் மாலை 7 மணி வரை திறந்திருக்கும். சிங்கப்பூரில் சூரிய உதயம் ஆண்டு முழுக்க 7 மணியை ஒட்டித்தான் என்பதால், வாரம் ஒரு நாள் 7.15-க்குத் தொடங்கினால் ஆண்டின் எந்த வாரத்தையும் எந்த வாரத்தோடும் ஒப்பிடலாம். மாதம் ஒரு முறை காலை 11 மணிக்கும் போங்கள், அது தும்பிகளுக்காக. இரவில் உள்ளே போக அனுமதி தேவை, அந்த ஆசையை இந்த ஆண்டுக்கு ஒத்திப்போடுங்கள்.

எப்போது தொடங்குவது

ஜனவரி 1 வேண்டாம். செப்டம்பரில் தொடங்குங்கள். ஜனவரியில் தொடங்கினால் வலசைப் பறவைகள் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருக்கும். வந்த நாள் எது என்று தெரியாது, போகும் நாள் மட்டும்தான் உங்கள் கையில் இருக்கும். செப்டம்பரில் தொடங்கினால் வரவும் செலவும் ஒரே குறிப்பேட்டில் முழுசாக அமையும்.

பையில் என்ன இருக்க வேண்டும்

8 மடங்கு பெரிதாக்கும் 8x42 அல்லது 8x32 பைனாகுலர் ஒன்று. 10 மடங்கு பெரிதாக்குவது வாங்கத் தோன்றும், ஆனால் காட்டு நிழலில் கை நடுக்கம்தான் பெரிதாகும். கையடக்கக் குறிப்பேடு, பென்சில். பேனா வேண்டாம், இங்குள்ள வியர்வைக்கும் மழைக்கும் மை நிற்காது. மடக்குக்குடை, தண்ணீர், கொசு மருந்து. படம் எடுக்கக் கைப்பேசி போதும்.

கேமரா வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். குளிர்சாதன அறையிலிருந்து நேராகக் காட்டுக்குப் போய்ப் பையைத் திறந்தால் லென்ஸில் ஆவி படியும், கால் மணி நேரம் எதுவும் தெரியாது. அந்தக் கால் மணி நேரத்தில்தான் கழுகு தலைக்கு மேலே போகும். முதல் நாள் இரவே பையை ஹாலில் வைத்துவிடுங்கள். வீட்டில் இருக்கும்போது லென்ஸை ஈரம் உறிஞ்சும் பெட்டியில் வைக்காவிட்டால் ஓராண்டுக்குள் பூஞ்சை பிடித்துவிடும்.

எதையும் பிளாஸ்டிக் பையில் கொண்டுபோகாதீர்கள். நான் கொண்டுபோனேன். குறிப்பேடும் இரண்டு குவே (மலாய்ப் பலகாரம்) துண்டும் ஒரே பையில். நீள்வால் குரங்கு ஒன்று பின்னாலிருந்து வந்து பையை உருவிக்கொண்டு மரத்தில் ஏறியது. குவேயைத் தின்றது, குறிப்பேட்டை ஒவ்வொரு தாளாகக் கிழித்துப் பார்த்தது. நவம்பர் மாதப் பதிவுகள் முழுக்கத் தண்ணீரில் மிதந்தன. குரங்கைக் குற்றம் சொல்லி என்ன பயன்? பிளாஸ்டிக் சலசலப்பு என்றால் சாப்பாடு என்று அதற்குக் கற்றுக்கொடுத்தது மனிதர்கள்தான். காட்டுயிர்களுக்கு உணவு கொடுத்துப் பிடிபட்டால் முதல் முறை 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், திரும்பச் செய்தால் 10,000 வெள்ளி வரை. குரங்கு நெருங்கி வந்தால் கண்ணை நேராகப் பார்க்காமல், பல்லைக் காட்டாமல், மெதுவாக நகர்ந்துபோங்கள். நாம் சிரிப்பது அதற்கு மிரட்டல்.

அன்றிலிருந்து வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, எழுதிய பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுப்பது. குளியல், தே ஓ (பாலில்லாத் தேநீர்) எல்லாம் அதற்கப்புறம்தான்.

ஒரு பதிவை எப்படி எழுதுவது

தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், வானிலை, தண்ணீர் மட்டம். புகைமூட்டம் இருந்தால் பிஎஸ்ஐ எனும் காற்று மாசு அளவு. இவை தலைப்பில். அப்புறம் நிறுத்தம் வாரியாக: எது, எத்தனை, பார்த்ததா கேட்டதா, என்ன செய்துகொண்டிருந்தது. என் குறிப்பேட்டிலிருந்து ஒரு பகுதி:

"சனி. 7.15 – 8.50. மேகமூட்டம், காற்றில்லை, இரவில் மழை. தண்ணீர்: கரையின் மூன்றாவது கல் தெரிகிறது. நிறுத்தம் 1: ஜாவா மைனா 9, காக்கை 2. நிறுத்தம் 2: வெண்மார்பு மீன்கொத்தி 1, பல்லி ஒன்றைக் கிளையில் அடித்துக்கொண்டிருந்தது. துடுப்புவால் கரிச்சான் 2 (கேட்டது), ஒன்று பருந்து மாதிரிக் கத்தியது. நிறுத்தம் 3: ஒன்றும் இல்லை. நிறுத்தம் 4: நீர் உடும்பு 1, ஒன்றரை மீட்டர் இருக்கும், நீந்தி அக்கரைக்குப் போனது. பச்சையாக ஏதோ, புறாவா?"

மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். "நிறைய மைனா" என்று எழுதவில்லை, 9. எண்ண முடியாவிட்டால் "சுமார் 30" என்றாவது எழுதுங்கள். இரண்டாவது, "ஒன்றும் இல்லை" என்பதும் ஒரு பதிவு. ஐந்து நிமிடம் நின்று பார்த்தும் இல்லை என்பதற்கும், அங்கே நிற்கவே இல்லை என்பதற்கும் ஏகப்பட்ட வித்தியாசம். ஆண்டு முடிவில் ஒரு பறவை எப்போது வந்தது என்று தேடும்போது, அதற்கு முந்தைய வாரம் அது இல்லை என்று எழுதியிருப்பதுதான் சாட்சி. மூன்றாவது, சந்தேகத்தைச் சந்தேகமாகவே விடுங்கள். "புறாவா?" என்று எழுதியதை வீட்டுக்கு வந்து "பச்சைப்புறா 1" என்று மாற்ற மனம் துடிக்கும். மாற்றாதீர்கள்.

பெயர் ஒரு சிக்கல். தமிழ்நாட்டுப் பறவைப் புத்தகத்தில் இருக்கும் பெயர் எல்லாவற்றுக்கும் இங்கே பொருந்தாது. ஊரில் ஆறுமணிக்குருவி என்கிறோமே, அந்தக் குடும்பத்தில் நீலச்சிறகு கொண்ட வேறோர் இனம்தான் இங்கே வலசை வருகிறது. தமிழ்ப் பெயர் தெரிந்தால் எழுதுங்கள், கூடவே அறிவியல் பெயரையும் எழுதிவிடுங்கள். மலாய்ப் பெயர்களும் கைகொடுக்கும். பாராவ்-பாராவ் என்று சொல்லிப் பாருங்கள், அந்த வைக்கோல்தலைக் கொண்டைக்குருவியின் பாட்டே காதில் விழுகிற மாதிரி இருக்கும். கூண்டில் வளர்க்கப் பிடித்துப் பிடித்தே தென்கிழக்காசியாவின் பல பகுதிகளில் அது அழிந்துவிட்டது. சிங்கப்பூரில் இன்னும் பாடுகிறது.

காதைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. இந்தக் காட்டில் பாதிக்கு மேல் காதால்தான் பதிவாகும். முதல் இரண்டு மாதத்தில் பத்துக் குரல்களை மட்டும் பழகுங்கள், குயிலிலிருந்து தொடங்குங்கள், அது எல்லோருக்கும் தெரியும். குரலைக் கண்டுபிடிக்கும் செயலிகள் நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் அது சொன்னது என்பதற்காக எழுதாதீர்கள். கரிச்சான் மற்ற பறவைகள் மாதிரிக் கத்தும், செயலி ஏமாறும், அப்புறம் நீங்களும்.

மரத்தோடு மரமாக

கொலுகோவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைக் கண்டுபிடிக்கப் பழகிய கண் வேறு எதையும் கண்டுபிடித்துவிடும். மலாயில் குபோங். பறக்கும் லெமூர் என்று சிலர் சொல்வார்கள், அது பறப்பதும் இல்லை, லெமூரும் இல்லை. கழுத்திலிருந்து வால் நுனி வரை தோல் விரிந்து, குடை மாதிரி மரம் விட்டு மரம் சறுக்கும். 100 மீட்டருக்கு மேலும் சறுக்கக்கூடியது. உலகத்தில் இந்த வகையில் இரண்டே இனங்கள்.

பகலில் அது அடிமரத்தில் ஒட்டிக்கொண்டு தூங்கும். சாம்பல் நிறத்தில் வெள்ளைத் திட்டுகள், அசல் பாசி படிந்த மரப்பட்டை. இலைகளுக்குள் தேடாதீர்கள். அடிமரங்களின் ஓரக்கோட்டைக் கீழிருந்து மேலாகக் கண்ணால் தடவிக்கொண்டே போங்கள். நேராகப் போகும் கோடு ஓரிடத்தில் புடைத்திருந்தால் அங்கே நிறுத்திப் பைனாகுலரை எடுங்கள். பத்தில் எட்டு முறை கறையான் புற்றாகவோ மரக்கணுவாகவோ இருக்கும். ஒரு நாள் அந்தப் புடைப்புக்கு இரண்டு பெரிய கண்கள் இருக்கும். தாயின் வயிற்றுத் தோல் மடிப்பிலிருந்து ஒரு குட்டித் தலை எட்டிப் பார்த்தால் அன்றைக்குப் பலகாரம் வாங்கிச் சாப்பிடலாம். கண்ட மரத்தின் இடத்தைக் குறித்துவைத்து அடுத்த வாரமும் பாருங்கள், இல்லாவிட்டால் "இல்லை" என்று எழுதுங்கள்.

மாதங்கள்

செப்டம்பரில் பழுப்புக் கீச்சான் வந்துவிடும், திறந்த வெளியில் குச்சி நுனியில் தனியாக உட்கார்ந்திருக்கும். சிறால் மீன்கொத்தியும் வரும். ஊரில் ஆண்டு முழுக்கப் பார்க்கிற பறவைதான், இங்கே விருந்தாளி. அக்டோபர், நவம்பரில் வானத்தைப் பாருங்கள். தேன் பருந்துகள் வடக்கிலிருந்து வந்து தெற்கே போகும். காலை 10 மணிக்கு மேல், தரை சூடாகிக் காற்று மேலெழும்போது அணைப் பக்கம் நில்லுங்கள். பிற்பகலில் இடி மழை வரும், மின்னல் தெரிந்ததும் திறந்த இடத்தை விட்டுவிடுங்கள். இந்தப் பருவத்தில் புளோக்கின் கீழே கண்ணாடியில் மோதி விழுந்த பறவைகளைப் பார்த்தால் அதையும் தனிப் பக்கத்தில் எழுதுங்கள்.

டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை. நாள்கணக்கில் விடாமல் பெய்யும். பதிவுகள் மெலியும், போகத்தான் வேண்டும்.

பிப்ரவரி, மார்ச் தொடக்கம் வறண்ட காலம். 2014-இல் ஜனவரி 13 முதல் பிப்ரவரி 8 வரை தொடர்ந்து 27 நாள் வறட்சி இருந்தது. அதற்கப்புறம் தீவெங்கும் மரங்கள் பூத்துத் தள்ளின. மரங்களையும் பதிவில் சேர்க்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். தண்ணீர் மட்டம் இறங்கும், கரையில் சேறு தெரியும், நாரைகள் இறங்கும். ஆனால் மட்டம் இறங்கியதெல்லாம் வறட்சி என்று முடிவு கட்டாதீர்கள். இது குடிநீர்த் தேக்கம், தண்ணீர் எடுப்பதும் விடுவதும் நடந்துகொண்டே இருக்கும். மழையைத் தனியாக எழுதுங்கள், மட்டத்தைத் தனியாக எழுதுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த பதிவு பஞ்சுருட்டான்களுடையது. நீலவால் பஞ்சுருட்டான் செப்டம்பர் வாக்கில் வந்து ஏப்ரல் வாக்கில் கிளம்பிவிடும். அது கிளம்பும் சமயத்தில் நீலத்தொண்டைப் பஞ்சுருட்டான் இனப்பெருக்கத்துக்காக வந்து சேரும், மணல் தரையில் வளை தோண்டி முட்டையிடும், ஆகஸ்ட், செப்டம்பரில் போகும். ஒரே கிளை, இரண்டு ஷிப்டு. இரண்டும் சேர்ந்து தெரியும் வாரங்கள் உங்கள் பாதையில் எவை என்று எந்தப் புத்தகத்திலும் இருக்காது, நீங்கள் எழுதினால்தான் உண்டு. தொண்டை நீலமா, செம்பழுப்பா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள், வெறுமனே "பஞ்சுருட்டான்" என்று எழுதினால் இந்தக் கதை முழுக்கப் போய்விடும்.

மே மாதத்தில் தெம்புசு பூக்கும். ஐந்து வெள்ளித் தாளில் இருக்கிறதே, அந்த மரம். அந்தி நேரத்தில் வாசனையே வழிகாட்டும். அக்டோபர் வாக்கில் இன்னொரு முறையும் பூக்கும். வெசாக் தினத்தை ஒட்டி ஆமைகளை எண்ணுங்கள். புண்ணியம் என்று நினைத்து வளர்ப்பு ஆமைகளையும் மீன்களையும் தண்ணீரில் விடுவார்கள், செங்காது ஆமை அப்படி வந்ததுதான். தேசியப் பூங்காக் கழகம் ஆண்டுதோறும் இந்தச் சமயத்தில் எச்சரித்துக்கொண்டே இருக்கிறது. அந்நிய இனம்தானே என்று விட்டுவிடாமல் அதையும் எழுதுங்கள்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வடக்கிலிருந்து வரும் வலசைப் பறவைகள் இங்கே அநேகமாகக் கிடையாது. சலிப்புத் தட்டும் மாதங்கள் என்பார்கள், நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். இதுதான் தும்பிகளின் அருகே உட்காரச் சரியான நேரம். சிங்கப்பூரில் 130-க்கும் மேற்பட்ட தும்பி, ஊசித்தட்டான் இனங்கள் இருக்கின்றன, அவற்றில் பத்துப் பன்னிரண்டைக் கரையோரப் புல்லிலேயே பழகிவிடலாம். ஆண் ஒரே குச்சிக்குத் திரும்பத் திரும்ப வரும். துரத்தாதீர்கள், குச்சியருகே காத்திருங்கள். தட்டான் தாழப் பறந்தால் மழை என்று பாட்டி சொன்னதைச் சோதிக்கக் குறிப்பேட்டில் தனிக் கட்டம் போட்டிருக்கிறேன், இதுவரை பாட்டிக்கும் வானிலைச் செயலிக்கும் ஏறக்குறைய சமம். விடியற்காலையில் சுமத்ரா காற்று மழையோடு அடித்தால் ஒன்றிரண்டு மணி நேரம் காத்திருங்கள், பெரும்பாலும் ஓய்ந்துவிடும். கல்லாங் ஆறு இங்கிருந்துதான் பீஷான் பூங்கா வழியாகக் கீழே போகிறது. அங்கே பெயர்பெற்ற நீர்நாய்கள் இங்கேயும் எட்டிப்பார்க்குமா என்று தண்ணீர் நிறுத்தங்களில் ஒரு கண் வைத்திருங்கள்.

இன்னொரு சின்னச் சோதனை, எந்த மாதத்திலும் செய்யலாம். பலத்த மழை பெய்து சட்டென்று குளிர்ந்த நாளைக் குறித்துவையுங்கள். ஒன்பது நாள் கழித்துச் சாலையோரப் பழைய மரக்கிளைகளை அண்ணாந்து பாருங்கள். புறா ஆர்க்கிட் வெள்ளையாகப் பூத்திருக்கும். ஒரே நாள்தான், மறுநாள் வாடிவிடும். இதை நம்பாமல்தான் எண்ணினேன். ஒன்பதாம் நாள் பூத்தது.

பதிவுகளை என்ன செய்வது

மாதக் கடைசியில் எல்லாவற்றையும் எக்செல்லில் ஏற்றுங்கள். ஒரு வரிக்கு ஒரு இனம், ஒரு நிறுத்தம். பறவைப் பட்டியலை ஈபேர்டு என்ற இணையதளத்தில் சேர்க்கும்போது, பார்த்த கேட்ட எல்லாவற்றையும் எழுதினீர்களா என்று கேட்கும். எழுதியிருந்தால் மட்டும் ஆமாம் சொல்லுங்கள், பட்டியலில் இல்லாத பறவைகளை அங்கே இல்லை என்று எடுத்துக்கொள்வது அந்த ஒரு பதிலை வைத்துத்தான். மற்ற உயிரினங்களின் படங்களை ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் போடலாம், பெயர் தெரியாவிட்டாலும் யாராவது சொல்வார்கள்.

கூடு, குட்டி, கொண்டைக்குருவி பாடும் மரம் ஆகியவற்றின் சரியான இடத்தை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அழிவில் இருக்கும் இனங்கள் பலவற்றின் இடத்தை இந்தத் தளங்கள் தாமாகவே மறைத்துவிடும். நண்பர்களின் குழு மறைக்காது. ஒரு கூட்டின் கீழே பத்து முக்காலிகள் வரிசையாக நின்றதைப் பார்த்திருக்கிறேன், தாய்ப்பறவை இரையை அலகில் வைத்துக்கொண்டு எதிர்மரத்திலேயே உட்கார்ந்திருந்தது. பாதையை விட்டு இறங்குவது, செடி பறிப்பது, குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பது மூன்றும் வேண்டாம்.

ஆகஸ்ட் கடைசி வாரம் 52 பக்கங்களையும் தரையில் விரித்துப் போட்டு, ஒவ்வொரு வலசைப் பறவைக்கும் முதல் தேதி, கடைசித் தேதி என்று இரண்டை மட்டும் எழுதுங்கள். என்னுடையதில் நவம்பர் காலியாக இருக்கிறது, காரணம் உங்களுக்குத் தெரியும். அந்தப் பெரியவர் போன வாரம் தாமாகவே வந்து, "உங்க மரத்துல இன்னைக்கு ரெண்டு இருக்கு, ஒண்ணு குட்டி" என்று மேலே கைகாட்டினார். நேரம் 7.40, நிறுத்தம் 4, கொலுகோ 2.